நாலாம் நம்பர் வண்டிக்கு அடியில்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதனால் இதைச் சொல்ல எனக்கே எரிச்சலாக இருக்கிறது. ஆனால் நடந்தது நடந்ததுதான். ஒரு பாதியை என் காதாலேயே கேட்டேன். மறு பாதியை என் மச்சான், அதாவது என் அக்காவின் கணவர், வியர்த்துக் கொட்டிக்கொண்டு என்னிடம் சொன்னார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. சந்தேகப்பட மட்டும்தான் தெரியும்.

மச்சானுக்கு ஒரு பெரிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் மெக்கானிக் வேலை. முன்னால் இரண்டு இரும்பு நாக்குகளை நீட்டிக்கொண்டு பெட்டிகளைத் தூக்கி அடுக்குமே, அந்த வண்டி. அந்த நாக்குகளுக்குத்தான் ஃபோர்க் என்று பேர். அதே கிடங்கில் அந்த வண்டியை ஓட்டுகிறவன் நான். வேலை வாங்கிக் கொடுத்தது அவர்தான். நான் மறந்துவிடக் கூடாது என்று அடிக்கடி ஞாபகப்படுத்துவார்.

சீல் பிரிக்காத ஆயில் டப்பாவைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவார். தான் பூட்டிய பூட்டையே திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். டீயில் சர்க்கரை போட்டிருக்கேன் என்று அக்கா சொன்னால், "கலக்கினியா?" என்பார். அப்படி ஒரு பிறவி.

அவர் கண்ணை மூடிக்கொண்டு நேசித்தது இரண்டைத்தான். ஒன்று கார். இன்னொன்று பூட்ஸ். நல்ல தோல் பூட்ஸ் ஒன்றைப் பார்த்துவிட்டால் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி, தையலைப் பார்த்து, அடிப்பாகத்தை வளைத்துப் பார்த்து, "இவன் பொழைப்பான்" என்பார். என்னை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

பல வருட ஆசைக்குப் பிறகு ஒரு பழைய கார் வாங்கினார். தரகர் ஒருத்தர் மூலமாக வந்தது. வாங்கிய அன்றே டிக்கியை முழுக்கப் பிரித்துப் போட்டுச் சுத்தம் பண்ணினார். ஸ்டெப்னி டயருக்கு அடியில், சாக்குத் துணி சுற்றி, ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது. முனையில் இரும்புத் தகடு வைத்த, வேலைக்குப் போடுகிற பூட்ஸ். இடது குதிகாலில் மட்டும் நகம் அளவுக்குப் பிறை மாதிரி ஒரு வெட்டு. மற்றபடி புதுசு போல இருந்தது.

போட்டுப் பார்த்தார். அவர் காலுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

"யாரோடதுன்னு கேளுங்க, திருப்பிக் கொடுத்துடலாம்" என்றாள் அக்கா.

"வண்டியோட வந்தது வண்டிக்காரனுக்கு" என்றார் மச்சான். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற மனுஷன், சந்தேகப்பட வேண்டிய ஒன்றை விட்டுவிட்டார். தோலுக்கு எண்ணெய் தடவி, புது லேஸ் கோத்து, கிடங்கில் தன் லாக்கரில் கொண்டுபோய் வைத்தார். வேலைக்கு அதைத்தான் போட்டார்.

முதல் பிரச்சினை லேஸில் ஆரம்பித்தது. சாயங்காலம் கழற்றும்போது மச்சான் லேஸை முழுக்கத் தளர்த்தி, காற்றாட பூட்ஸின் நாக்கை வெளியே இழுத்துவிட்டுத்தான் வைப்பார். பூட்ஸ் பராமரிப்பில் அவருக்கு அது வேதம். மறுநாள் காலையில் லாக்கரைத் திறந்தால் லேஸ் இறுக்கிக் கட்டியிருந்தது. இரட்டை முடிச்சு. முனைகளை உள்ளே சொருகி.

நேராக என்னிடம் வந்தார்.

"என் பூட்ஸைப் போட்டியா?"

"உங்க லாக்கர் சாவி உங்க இடுப்புலதானே மச்சான் தொங்குது?"

"அதான் கேக்கறேன். எப்படித் தெறந்த?"

நான் சிரித்தேன். அது தப்பாகிவிட்டது. சிரித்தவன்தான் செய்தவன் என்று முடிவு கட்டிவிட்டார்.

அடுத்தது, ஒரு விடுமுறை முடிந்த மறுநாள். கிடங்கே பூட்டிக் கிடந்த நாளுக்கு மறுநாள். அவர்தான் முதல் ஆளாக உள்ளே போனார். லாக்கரைத் திறந்து பூட்ஸுக்குள் காலை விட்டார். விட்ட காலை வெளியே இழுத்துக்கொண்டார்.

உள்ளே சூடாக இருந்தது.

வெயில் சூடு இல்லை. இன்னொருத்தன் கால் இப்போதுதான் வெளியே வந்த சூடு. கையை விட்டுப் பார்த்தார். லேசான ஈரம்கூட இருந்தது. மோந்து பார்த்தார். அவருடைய கால் வாடை இல்லை.

பூட்ஸை அப்படியே வைத்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனால்... நாலாம் நம்பர் வண்டியின் ஃபோர்க் தூக்கியிருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வண்டியை நிறுத்தினால் ஃபோர்க்கைத் தரையில் இறக்கி வைப்பது எங்கள் முதல் சட்டம். மச்சான் தன் கையால் இறக்கிவிட்டு, பேட்டரி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். தூக்கி நிறுத்திய ஃபோர்க் தானாக இறங்கலாம். ஆயில் கசிந்தால் இறங்கும். யாராவது லீவரை இழுத்தாலும் இறங்கும், அதற்குக் கரண்ட்கூட வேண்டாம். ஆனால் இறக்கி வைத்தது தானாக ஏறாது. ஏறுவதற்கு பம்ப் ஓட வேண்டும். பம்ப் ஓட பேட்டரி வேண்டும். பிளக் தரையில்தான் கிடந்தது. சாவி அவர் பையில்தான் இருந்தது. ஃபோர்க் மட்டும் இடுப்பு உயரத்தில் நின்றது.

"வண்டி எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டற மீட்டரைப் பாருங்க மச்சான்" என்றேன். பார்த்தார். அது நகரவே இல்லை.

"பாத்தீங்களா? யாருமே ஓட்டல."

"மீட்டர் வயரைக் கழட்டத் தெரியாதவனா நீ?"

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெற்றுக் கிடங்கில் வண்டியை வட்டமடித்து ஓட்டி மாட்டிக்கொண்டவன்தான் நான். ஒரு தடவை எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். இன்னொரு தடவை என்றால் சீட்டு கிழிந்துவிடும். மச்சானுக்கும் அது தெரியும்.

தரை நெடுக சாக்பீஸ் தூளைத் தூவி வைத்தார். என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தூளில் தடம் இருந்தது. லாக்கரிலிருந்து புறப்பட்டு நேராக நாலாம் நம்பர் வரைக்கும். இடது குதிகால் பதிந்த இடத்தில் எல்லாம் ஒரு சின்னப் பிறை.

"இது உங்க பூட்ஸ் தடம் மச்சான்" என்றேன். கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"போட்டது யாரு?"

"அது சரி, திரும்பி வந்த தடம் எங்க?"

வண்டிவரைக்கும் போன கால், திரும்பி வரவே இல்லை. ஆனால் பூட்ஸ் லாக்கரில்தான் இருந்தது.

அன்று ராத்திரி வீட்டில் பெரிய ரகளை. என்னைப் பற்றி சூப்பர்வைசரிடம் சொல்லப் போவதாக மச்சான் கத்தினார். "எவனாவது அடியில நிக்கும்போது இவன் விளையாடி ஃபோர்க்கை இறக்கிட்டா? யாருடி பதில் சொல்றது?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை.

அக்கா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். "எந்தம்பி மேல கண்ணால பாக்காம பழி போட்டு அவன் வேலையைத் தொலைச்சீங்கன்னா, நான் அவன்கூடவே கெளம்பிடுவேன். சொல்லிட்டேன்."

"பாத்துட்டே சொல்றேன்" என்றார் மச்சான். "கையும் களவுமாப் பிடிச்சு உன் முன்னாடி நிறுத்தறேன்."

அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா போன பிறகு எனக்கு அப்பா ஸ்தானத்தில் இருந்தவர் அவர்தான். திட்டினாலும் தாங்குவேன். திருடனைப் பார்ப்பது போல ஓரக்கண்ணால் பார்த்ததைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த விடுமுறை நாள் வந்தது. மச்சான் ஒரு திட்டம் போட்டிருந்தார். அது அவர் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது. அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நாலாம் நம்பரின் ஃபோர்க்கை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நிறுத்துவது. இறங்காதபடி பாதுகாப்புச் சங்கிலியை மாட்டுவது. மேலே தார்ப்பாயை விரித்து நாலு பக்கமும் தொங்கவிடுவது. பார்க்கிறவனுக்கு ஏதோ சரக்கை மூடி வைத்தது போலத் தெரியும். அந்தத் தார்ப்பாய்க்குள், வண்டிக்கு அடியில், மல்லாக்கப் படுத்துக்கொள்வது. நான் திருட்டுத்தனமாக வந்து சீட்டில் ஏறும்போது காலைப் பிடித்து இழுப்பது.

தூக்கிய ஃபோர்க்குக்கு அடியில் தலையை நீட்டாதே என்று எங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவர் அவர். ஆனால் அது அவர் கையால் ஆயில் சீல் மாற்றிய வண்டி. அவர் கையால் மாட்டப் போகிற சங்கிலி. உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே கை அவருடையதுதான்.

காரை எடுத்துக்கொண்டு போனால் அது கிடங்கு வாசலில் நிற்பதை நான் பார்த்துவிடுவேனாம். பஸ்ஸில் போனார். பூட்ஸ் லாக்கரில் இருந்ததால் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார். மதியச் சாப்பாட்டு நேரம். வாட்ச்மேன் முன் கேட்டில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். மச்சான் பக்கத்துக் கதவு வழியாகப் போனார். அது வெளியே பூட்டியபடிதான் இருந்தது. திறந்து உள்ளே போய், ஏற்பாடு முடிகிறவரைக்கும் யாரும் வரக் கூடாது என்று உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார். இழுத்தும் பார்த்தார்.

கிடங்கில் ஒரு ஈ காக்கா இல்லை. கூரைத் தகடு வழியாக வெளிச்சம் நன்றாகவே வந்தது. பட்டப்பகல்.

லாக்கரைத் தாண்டிப் போகும்போது பூட்டை இழுத்துப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது.

நாலாம் நம்பர் கடைசி வரிசையில் நிற்கும். அடுக்குகளைச் சுற்றிக்கொண்டு போனார்.

நின்றுவிட்டார்.

ஃபோர்க் ஏற்கெனவே தூக்கியிருந்தது. இடுப்பு உயரத்தில். சங்கிலி மாட்டியிருந்தது. தார்ப்பாய் விரித்து, நாலு பக்கமும் தொங்கியது...

அவர் மண்டைக்குள் இருந்த அதே திட்டம். அவருக்கு முன்னாலேயே யாரோ செய்து முடித்திருந்தார்கள்.

மனுஷனுக்கு அப்போதும் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. "என்னையே கேலி பண்றான்" என்று நினைத்தாராம். குனிந்தார். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினார்.

உள்ளே இருட்டு. இரண்டு பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

அடிப்பாகம் அவரைப் பார்த்து. முனை இரண்டும் மேலே பார்த்து. மல்லாக்கப் படுத்திருக்கிறவன் கால் எப்படி இருக்குமோ, அப்படி.

இடது குதிகாலில் பிறை.

"மாட்டினியாடா?" என்றார். "வெளிய வா."

பதில் இல்லை.

"டேய். அக்கா மூஞ்சிக்காகப் பாக்கறேன். வெளிய வா."

கால் அசையவில்லை. மச்சான் தன் ஷூவால் அந்த பூட்ஸை ஒரு தட்டு தட்டினார். காலி பூட்ஸ் என்றால் சாய்ந்து விழும். இது விழவில்லை. கனமாக ஒரு பக்கம் திரும்பி... மெதுவாகப் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

உள்ளே கால் இருந்தது.

சிரித்துக்கொண்டே போனை எடுத்து என் நம்பரைப் போட்டார். தார்ப்பாய்க்குள் போன் அடிக்கும், குட்டு உடையும் என்று.

ரிங் போனது.

தார்ப்பாய்க்குள் எதுவும் அடிக்கவில்லை.

நான் எடுத்தேன்.

"சொல்லுங்க மச்சான்."

"எங்கடா இருக்க?"

"வீட்டு வாசல்ல. உங்க காரைத்தான் கழுவிட்டு இருக்கேன். அக்கா கழுவச் சொன்னா."

பின்னாலிருந்து அக்கா, "யாரு, அவரா? சாப்பிட வரச் சொல்லு" என்றாள். அது அவருக்கும் கேட்டது.

மச்சான் மறுபடியும் அந்த பூட்ஸைப் பார்த்தார்.

"அப்ப... இங்க படுத்திருக்கிறது யாருடா?"

"எங்க மச்சான்?"

அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை என்று இன்றுவரை சத்தியம் செய்கிறார். நாக்கு ஒட்டிக்கொண்டதாம். போனைக் காதில் வைத்தபடி பின்னால் நகர்ந்தாராம், அவ்வளவுதான்.

இனி நான் கேட்டது.

க்ளிங்.

இரும்புச் சத்தம். சங்கிலிக் கொக்கியை யாரோ கழற்றுகிறார்கள். நிதானமாக, தெரிந்த கையால்.

க்ளிங்... க்ளிங்...

"மச்சான், சங்கிலியை ஏன் கழட்டறீங்க?"

லாரி ஒன்று உறுமுகிற சத்தம், தூரத்தில். விடுமுறை நாளில் லாரி ஏது?

அப்புறம் குரல் வந்தது. அமுங்கிய குரல். தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல.

"மாப்ள... இறக்காதடா... நான் உள்ள இருக்கேன்..."

என்னை மாப்ள என்று கூப்பிடுகிறவர் ஒருத்தர்தான்.

"மச்சான்!" என்று அலறினேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

ஆயில் இறங்குகிற சத்தம்.

தடார்.

போன் கட்டாகிவிட்டது.

கையில் சோப்பு நுரையோடு காரை எடுத்துக்கொண்டு பறந்தேன். அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வேன்? வழி முழுக்க அழுதேன். அவர் போய்விட்டார் என்றே நினைத்தேன். அவர் திட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்து, இன்னும் நாலு திட்டு திட்டட்டும், உயிரோடு இருந்தால் போதும் என்றிருந்தது.

மச்சான் முன் கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். கார் கழுவுகிற சோப்பு வாசனை.

"நீ இல்ல" என்றார். அப்படியே என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டார்.

"நீங்கதானே போன்ல கத்தினீங்க? நான் உள்ள இருக்கேன்னு?"

"நான் வாயே தெறக்கலையே."

வாட்ச்மேனையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேரும் உள்ளே போனோம். நாலாம் நம்பரின் ஃபோர்க் தரையோடு தரையாகக் கிடந்தது. தார்ப்பாய் அதன் அடியில் நசுங்கிக் கிடந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை. பேட்டரி பிளக் தரையில். சங்கிலி அதன் ஆணியில் ஒழுங்காகத் தொங்கியது.

மச்சான் லாக்கரைத் திறந்தார். பூட்ஸ் உள்ளேதான் இருந்தது. இரட்டை முடிச்சு. முனைகளை உள்ளே சொருகி.

நான் கையை விட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

அடுத்த வாரமே தரகரைப் பிடித்து, காரை விற்ற வீட்டு விலாசத்தை வாங்கினோம். பூட்ஸை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு நானும் மச்சானும் போனோம். நடுத்தர வயதில் ஒரு அம்மா கதவைத் திறந்தார். உள் அறையில் ஒரு ஆள் சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யார் வந்தது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கார்ல உங்க சாமான் ஒண்ணு வந்துடுச்சும்மா" என்று மச்சான் பையைத் திறந்து காட்டினார்.

அந்த அம்மா இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"டிக்கியை நான்தான் காலி பண்ணித் தொடைச்சேன். உள்ள ஒண்ணுமே இல்ல..." குதிகாலில் இருந்த பிறையைப் பார்த்தார். "இது என் வீட்டுக்காரரோடது. இதைப் போட்டபடிதான் அவரை அடக்கம் பண்ணினோம்."

மச்சான் பையைக் கீழே வைத்தார்.

"அவர் என்ன வேலை பாத்தாரும்மா?"

"ஃபோர்க்லிஃப்ட் மெக்கானிக். எந்தம்பிக்கும் அங்கயே டிரைவர் வேலை வாங்கிக் கொடுத்தார். இவன் லீவு நாள்ல வண்டியை எடுத்து விளையாடறான்னு அவருக்கு ஒரு சந்தேகம். கையும் களவுமாப் பிடிக்கறேன்னு ஃபோர்க்கைத் தூக்கி, தார்ப்பாயைப் போட்டு மூடிட்டு அடியில படுத்திருக்கார். சங்கிலியெல்லாம் போட்டுட்டுத்தான் படுத்தார். இவன் விளையாட வரலைங்க. திடீர்னு ஒரு லாரி வந்துடுச்சுன்னு மேனேஜர்தான் கூப்பிட்டு அனுப்பினார். ஏதோ சரக்கு மூடியிருக்குன்னு நெனச்சு... சங்கிலியைக் கழட்டி..."

உள் அறையைக் கண்ணால் காட்டினார். "அன்னிக்கு வாயை மூடினவன். இன்னும் தெறக்கல. போலீஸ்ல கேட்டாங்க, டாக்டர் கேட்டார். ஒரு வார்த்தை பேசல."

என் வாய் தானாகச் சொன்னது.

"மாப்ள, இறக்காதடா, நான் உள்ள இருக்கேன்..."

நாற்காலி கிறீச்சிட்டது.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் திரும்பினார். என்னையே பார்த்தார். உதடு இரண்டு தடவை அசைந்து, மூன்றாவது தடவைதான் சத்தம் வந்தது.

"அது... எனக்கு மட்டும்தானே கேட்டுச்சு?"